சைக்கிள் கேள்வி-பதில்: சம்பளம் வாங்காதவர்கள் அந்தச் சட்டையைப் போடலாமா?

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, தொழில்முறை சைக்கிள் அணிகளின் உடையைச் சாதாரணமாக ஓட்டுகிறவர்களும் அணியலாமா என்ற கேள்விக்கு, "தாராளமாக அணியலாம்" என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களைப் படித்தபோது, அவசரப்பட்டுவிட்டேன் என்று தெரிந்தது. இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி: எனக்கு 46 வயது. நாள் முழுவதும் உட்கார்ந்து பார்க்கும் வேலை. ஒன்றரை ஆண்டாகக் காலையில் ஒரு குழுவோடு சைக்கிள் ஓட்டுகிறேன். மிகவும் பிடித்த அணியின் ஜெர்சியையும் கால்சட்டையையும் ஆசை ஆசையாக வாங்கி அணிந்துகொண்டு போனேன். குழுவில் மூத்தவர் ஒருவர் எல்லோர் முன்னாலும், "இதைப் போடுகிறவன் நாள் முழுக்க 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுவான். உன்னால் எத்தனை நிமிடம் முடியும்?" என்று கேட்டுவிட்டார். அன்று மடித்து அலமாரியில் வைத்ததுதான், இன்னும் எடுக்கவில்லை. நான் செய்தது தவறா, அம்மா?

பதில்: தவறே இல்லை, தம்பி. முதலில் அதை அலமாரியிலிருந்து எடுங்கள்.

இதே கேள்வியை வேறொருவரிடம் கேட்டபோது நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். 31 வயதில்தான் நான் குழுவோடு ஓட்ட ஆரம்பித்தேன். அந்தக் குழுவில் ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். எப்போதும் கடைசியில் வருவார். எப்போதும் ஒரே சட்டை: வெள்ளைத் துணியில் தடித்த கறுப்புக் கோடுகள், கோடுகளுக்கு நடுவே சிவப்பு, மஞ்சள், நீலக் கட்டங்கள். லா வி கிளேர் அணியின் சட்டை அது. டச்சு ஓவியர் மோந்திரியானின் ஓவியங்களைப் பின்பற்றி வரைந்தது. சிவப்பு வெளுத்துச் செங்கல் நிறமாகியிருந்தது. நடுப் பையின் ஓரம் கிழிந்து, வேறு நிற நூலில் தைத்திருந்தார்.

ஒரு நாள் மேடு ஏறி முடித்து எல்லோரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். பெரியவர் கடைசியாக வந்து இறங்கினார். புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞன் ஒருவன், "ஐயா, இந்தச் சட்டையை இனோ போட்டார். நீங்கள் எதற்காகப் போடுகிறீர்கள்?" என்றான். பெரியவர் மூச்சு வாங்கி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, நிதானமாகச் சொன்னார். 1985 ஜூலையில் அவர் மருத்துவமனையில் படுத்திருந்தாராம். அந்த ஆண்டு, பிரான்ஸில் மூன்று வாரம் நடக்கும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில், அந்த அணியின் வீரர் பெர்னார் இனோ கீழே விழுந்து மூக்கை உடைத்துக்கொண்டார். கண்ணைச் சுற்றிக் கன்றிப்போன முகத்தோடு மீதி நாட்களையும் ஓட்டி, ஐந்தாவது முறையாக வென்றார். நாளிதழில் தினமும் நான்கு வரிதான் வருமாம். அந்த நான்கு வரிக்காகக் காலையில் விழித்துக் காத்திருந்தேன் என்றார். "எழுந்து நடந்தால் இந்தச் சட்டை ஒன்று வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். நடந்தேன், வாங்கினேன்." அவ்வளவுதான் சொன்னார். சைக்கிளில் ஏறிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

அந்த இளைஞன் பிறகு பல நாட்கள் அவருக்குப் பின்னாலேயே, அவருடைய வேகத்திலேயே ஓட்டினான்.

கால்பந்து அணியின் சட்டையை அணிந்துகொண்டு பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருப்பவரிடம், நீ எத்தனை கோல் போட்டாய் என்று யாரும் கேட்பதில்லை. அன்பினால் அணிகிறார் என்று எல்லோருக்கும் புரிகிறது. சைக்கிளில் மட்டும் ஏன் அதைத் தகுதிச் சான்றிதழாகப் பார்க்கிறோம்? ரசிகரும் வீரரும் ஒரே மாதிரி சாலையில், ஒரே மாதிரி சைக்கிளில் போவதால் வரும் குழப்பம் இது. மற்ற விளையாட்டுகளில் ரசிகருக்கும் வீரருக்கும் நடுவே ஒரு வேலி இருக்கிறது. இங்கே இல்லை. என் கண்ணுக்கு இந்த விளையாட்டின் பெரிய அழகே அதுதான்.

"காசு கொடுத்து வாங்கி, முதுகில் ஒரு கம்பெனிக்கு இலவச விளம்பரம் செய்கிறீர்களே" என்று இன்னொரு வாசகர் காட்டமாக எழுதியிருக்கிறார். அவருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாலைப் பந்தயத்துக்கு வாசல் கிடையாது, டிக்கெட் கிடையாது. மலைப்பாதை ஓரத்தில் நிற்கும் லட்சம் பேரும் இலவசமாகத்தான் பார்க்கிறார்கள். அதனால் அணிகள் வாழ்வது பெரும்பாலும் விளம்பரதாரர் தரும் பணத்தில்தான். ஒரு காலத்தில் சைக்கிள், டயர் தயாரிப்பவர்களே அந்தப் பணத்தைக் கொடுத்தார்கள். அவர்கள் வியாபாரம் சரிந்தபோது, 1954இல் இத்தாலிய வீரர் ஃபியோரென்சோ மாக்னி முகக்கிரீம் கம்பெனியான நிவியாவைத் தன் அணிக்குக் கொண்டுவந்தார். எதிர்ப்பு கிளம்பியது. ஆனால் அந்த வழியில்தான் பிறகு எல்லோரும் நடந்தார்கள். நெஞ்சில் இருக்கும் எழுத்து வீரர்களின் சம்பளம். அதைப் பார்த்து எனக்குக் கூச்சம் வருவதில்லை.

இதில் ஒரு சோகமும் இருக்கிறது. விளம்பரதாரர் விலகினால் அணியின் பெயரே போய்விடும். 1988இல் பெத்ரோ தெல்காதோ டூர் வென்றபோது அவருடைய அணியின் பெயர் ரெனால்ட்ஸ். அதே அணி பனெஸ்தோ என்ற பெயரில் இருந்தபோது மிகேல் இந்துராயின் 1991 முதல் 1995 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றார். இன்று அது மூவிஸ்டார். 2010இல் ஸ்கை என்று தொடங்கிய அணி 2019இல் இனியோஸ் ஆனது. சட்டையில் வண்ணக் கனசதுரங்களோடு பல ஆண்டுகள் பந்தயங்களை ஆண்ட மப்பேய், 2002 முடிவில் ஒரேயடியாகக் கலைந்தது. கால்பந்துக் கிளப் நூறு ஆண்டுகள் ஒரே பெயரில் நிற்கும். சைக்கிள் அணி கரைந்துபோகும். அது இருந்ததற்கு அடையாளமாக மிஞ்சுவது நம்மைப் போன்றவர்கள் பத்திரப்படுத்திய சட்டைகள்தான்.

உங்கள் மூத்தவரின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். முழு அணி உடையை அணிந்ததும் சிலருக்குச் சாலை பந்தயத் தடமாகத் தெரிய ஆரம்பிக்கிறது. சிக்னலில் நிற்பதில்லை, நடந்து போகிற பெரியவர்களை உரசிக்கொண்டு போகிறார்கள். அப்படிப்பட்டவர்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கு வெறுத்திருக்கலாம். நீங்கள் அப்படி ஓட்டுகிறவர் இல்லையென்றால், நாளைக் காலையில் அதே சட்டையில் அவர் பக்கத்திலேயே போய் ஓட்டுங்கள். அந்த அணியை ஏன் பிடித்தது என்று கதை சொல்லுங்கள்.

கேள்வி: என் தங்கை முதல் மாதச் சம்பளத்தில் எனக்கு டூர் டி பிரான்ஸின் மஞ்சள் ஜெர்சியைப் பரிசாக வாங்கித் தந்தாள். அதை அணிந்து ஓட்டலாமா? அணிச் சட்டைக்குச் சரி என்றால் இதற்கும் சரிதானே?

பதில்: இல்லை. இங்கேதான் நான் கோடு கிழிக்கிறேன். சென்ற இதழில் எழுதாமல் விட்டதும் இதைத்தான்.

அணியின் சட்டை, அணியில் இருக்கும் எல்லோருக்கும் பொது. கடைசியாக வந்து சேருபவரும் அதைத்தான் அணிகிறார். மஞ்சள் சட்டை அப்படிப்பட்டதல்ல. அன்றைய தேதியில் மொத்த நேரக் கணக்கில் முதலிடத்தில் இருக்கும் ஒரே ஒருவருக்கு உரியது அது. மறுநாள் இன்னொருவர் முந்தினால் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும்.

அதை முதலில் அணிந்தவரை நினைத்துப் பாருங்கள். ஏழேன் கிறிஸ்தோஃப், பிரெஞ்சுக்காரர். 1913 டூரில் தூர்மலே மலையிலிருந்து இறங்கும்போது அவருடைய சைக்கிளின் முன்கவை, அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கவை, முறிந்தது. பிறர் உதவியை ஏற்கக் கூடாது என்பது விதி. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மலையடிவார ஊரான சேன்ட் மாரி த காம்பான் வரை நடந்தார். அங்கே ஒரு கொல்லன் பட்டறையில், அதிகாரிகள் பார்த்துக்கொண்டு நிற்க, தானே இரும்பைக் காய்ச்சி அடித்துக் கவையைச் சரிசெய்தார். துருத்தியை ஊத ஒரு சிறுவன் கைகொடுத்ததற்காக அவருக்கு அபராத நேரம் விதித்தார்கள். பிறகு முதல் உலகப் போர் வந்தது. போர் முடிந்த பின் 1919இல், முதலிடத்தில் இருப்பவர் யார் என்று மக்கள் கண்டுகொள்வதற்காக, பந்தயத்தை நடத்திய 'லோத்தோ' நாளிதழ் தன் தாளின் நிறத்தில் மஞ்சள் சட்டையைக் கொண்டுவந்தது. அது கிறிஸ்தோஃபின் தோளுக்கு வந்தது. பந்தயம் முடியும் தறுவாயில் அவருடைய கவை மறுபடியும் முறிந்தது. சட்டை பெல்ஜியத்தின் ஃபிர்மாங் லாம்போவுக்குப் போனது. கிறிஸ்தோஃப் கடைசிவரை டூரை வெல்லவே இல்லை.

1971இல் நடந்ததும் என் மனதை விட்டு நீங்காதது. ஸ்பெயின் வீரர் லூயிஸ் ஒக்கான்யா மஞ்சள் சட்டையில், ஐந்து முறை டூர் வென்றவர் என்று இன்று நாம் அறியும் பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸைவிட ஏழு நிமிடங்களுக்கு மேல் முன்னால் இருந்தார். கோல் த மாந்தே மலை இறக்கத்தில் கொட்டும் மழையில் மெர்க்ஸ் சறுக்கி விழுந்தார். பின்னால் வந்த ஒக்கான்யாவும் விழுந்தார். மெர்க்ஸ் எழுந்து ஓட்டிவிட்டார். ஒக்கான்யா எழ முயன்றபோது இன்னொரு வீரர் வந்து மோதினார். அவரை ஹெலிகாப்டரில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். முதலிடம் மெர்க்ஸுக்கு வந்தது. மறுநாள் அவர் மஞ்சள் சட்டையை அணிய மறுத்துவிட்டார். விழுந்தவனிடமிருந்து வந்ததை நான் எப்படி அணிவேன் என்பதுதான் அதன் பொருள். விதிப்படி அவருக்கே உரியதை, அந்த மெர்க்ஸே ஒரு நாள் வேண்டாம் என்றிருக்கிறார். நாம் கடையில் வாங்கி அணிந்துகொண்டு ஓட்டுவதா?

உலக சாம்பியனின் வானவில் பட்டைச் சட்டைக்கும் இதையேதான் சொல்வேன். வெள்ளையில் நீலம், சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை என ஐந்து பட்டைகள். தொழில்முறை வீரர்களில் முதலில் வென்றவர் 1927இல் அல்ஃப்ரெதோ பிண்டா. வென்றவர் ஓராண்டுதான் அதை அணியலாம். அதன்பின் வாழ்நாள் முழுவதும் கைவிளிம்பிலும் கழுத்துப்பட்டையிலும் மெல்லிய பட்டைகளாக வைத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. அந்த மெல்லிய பட்டையைப் பார்த்ததும் பக்கத்தில் ஓட்டுகிறவர்களுக்கு ஆள் யார் என்று தெரியும். எனக்கு அந்தப் பட்டை போட்ட சாதாரணக் கையுறையைக்கூட வாங்க மனம் வருவதில்லை. இது என் தனிப்பட்ட பிடிவாதம். உங்கள்மேல் திணிக்க மாட்டேன்.

யாரும் உங்களைத் தடுக்கப் போவதில்லை, சட்டமும் இல்லை. ஆனாலும் கேட்டதால் சொல்கிறேன். உங்கள் தங்கையின் பரிசைத் திருப்பிக் கொடுக்காதீர்கள், பெட்டியிலும் போடாதீர்கள். ஜூலை மாதம் டூர் நடக்கும் மூன்று வாரங்களும் தொலைக்காட்சியின் முன் அதை அணிந்துகொண்டு, அவளையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். மலையேற்றத்தில் முதலிடம் பிடிக்கும் வீரருக்கான சிவப்புப் புள்ளிச் சட்டையை அணிந்துகொண்டுதான் ரசிகர்கள் பிரான்ஸின் மலையோரங்களில் கைதட்டி நிற்கிறார்கள். பார்வையாளருக்கு அது கொண்டாட்டம். சைக்கிள்மேல் ஏறினால் மட்டுமே அது வேறு ஏதோ ஒன்றைச் சொல்ல ஆரம்பிக்கிறது.

கேள்வி: ஊக்கமருந்து விவகாரத்தில் பட்டங்களை இழந்த ஆம்ஸ்ட்ராங்கின் அணிச் சட்டையை என் கணவர் இன்னும் விடாமல் அணிகிறார். கடுமையான நோயிலிருந்து மீண்டபோது வாங்கியது. குழுவில் பலர் முகம் சுளிக்கிறார்கள். நான் ஒளித்து வைத்துவிடட்டுமா?

பதில்: ஒளிக்காதீர்கள் அம்மா. அவர் மீண்டது உண்மை. அந்த நாட்களில் அவருக்குத் தெம்பு தந்த துணி அது.

நானாக இருந்தால் அணிய மாட்டேன், காரணத்தையும் சொல்கிறேன். 1999 முதல் 2005 வரை லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் வென்ற ஏழு டூர் பட்டங்களும் 2012இல் பறிக்கப்பட்டன. அந்த ஏழு ஆண்டுகளுக்கும் வெற்றியாளர் என்று யாரையும் அறிவிக்கவில்லை. ஆனால் எனக்கு அதைவிட வலிப்பது கிறிஸ்தோஃப் பாஸோன்ஸின் கதை. ஊக்கமருந்தைத் தொடாத பிரெஞ்சு வீரர். 1999 டூர் நடந்துகொண்டிருக்கும்போதே, இந்த வேகம் சந்தேகத்துக்குரியது என்று நாளிதழில் எழுதினார். சக வீரர்கள் அவரோடு பேசுவதை நிறுத்தினார்கள். ஓட்டத்தின் நடுவிலேயே ஆம்ஸ்ட்ராங் அவர் அருகில் வந்து, நீ போய்விடு என்ற பொருளில் பேசினார். மனம் உடைந்து அவர் பந்தயத்தைவிட்டு விலகினார். அவர் அந்த ஆண்டு அணிந்தது லா ஃபிரான்சேஸ் தே ழூ அணியின் சட்டை. அந்தச் சட்டை எனக்குக் கிடைத்தால் பெருமையோடு அணிவேன்.

பாஸோன்ஸைப் பற்றி உங்கள் கணவரிடம் ஒரு மாலையில் சொல்லிப் பாருங்கள். அதன்பிறகும் அணிவேன் என்றால் அணியட்டும். முகம் சுளிப்பவர்களுக்கு அவருடைய நோயைப் பற்றி விளக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

கேள்வி: அணி உடையால் ஓட்டுவதற்கு ஏதாவது பயன் உண்டா, அல்லது வெறும் அழகுதானா?

பதில்: சட்டை வேறு, கால்சட்டை வேறு. சட்டையை மனதுக்குப் பிடித்ததாக வாங்கலாம். கால்சட்டையை உடம்புக்குப் பிடித்ததாகத்தான் வாங்க வேண்டும். அதில் தைத்திருக்கும் மெத்தைதான் எல்லாம். உங்கள் இடுப்பெலும்பின் அகலத்துக்கு அது பொருந்தவில்லை என்றால், உலகிலேயே சிறந்த அணியின் பெயர் அச்சடித்திருந்தாலும் இரண்டு மணி நேரத்தில் தோல் உரிந்துவிடும். அதற்குள் உள்ளாடை அணியக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பலருக்கும் கேட்கக் கூச்சம். தையல் உரசிப் புண்ணாவது பெரும்பாலும் அதனால்தான்.

பந்தய வெட்டுச் சட்டை, குனிந்து கைப்பிடியைப் பிடித்த நிலைக்காகத் தைத்தது. நிமிர்ந்து நின்றால் முன்பக்கம் மேலே ஏறும், தோள் இழுக்கும். கடையில் நிமிர்ந்து நின்று பார்த்துவிட்டு, சிறியது என்று ஒதுக்காதீர்கள். குனிந்து பாருங்கள். முதுகில் உள்ள மூன்று பைகளிலும் சாமான் வைத்து, கை எட்டுகிறதா என்றும் பாருங்கள்.

நிறத்தைப் பற்றி நான் கண்டிப்பாகப் பேசியாக வேண்டும். சில அணிகளின் உடை கறுப்பு அல்லது கருநீலம். பந்தயத்தில் சாலையை மூடிவிடுகிறார்கள், முன்னும் பின்னும் வண்டிகள் காவலுக்கு வருகின்றன, அவர்களுக்கு அது சரி. எனக்கும் ஒரு கருநீல அணிச் சட்டை மேல் மிகுந்த பிரியம் இருந்தது. ஒரு பனிக்காலை, வெளிச்சம் வருமுன் தனியாகப் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் வந்த வேனின் பக்கக் கண்ணாடி என் முழங்கையைத் தட்டிவிட்டுப் போனது. நான் விழவில்லை. ஓட்டுநர் வண்டியை நிறுத்தி ஓடி வந்தார். கை நடுங்க, "சத்தியமாக நீங்கள் இருந்ததே தெரியவில்லை" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தச் சட்டையை அதன்பின் பகல் வெளிச்சத்தில் மட்டுமே அணிகிறேன். விடியலுக்கு முன் ஓட்டுகிறவர்கள் கண்ணைப் பறிக்கும் நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். கணுக்காலில் ஒளி திருப்பும் பட்டை கட்டுங்கள். பெடலோடு சேர்ந்து அது மேலும் கீழும் அசைவதால், தூரத்திலேயே ஆள் போகிறார் என்று தெரிந்துவிடும்.

கேள்வி: ஒரு அணியின் ஜெர்சியோடு இன்னொரு அணியின் கால்சட்டையை அணியலாமா?

பதில்: வேண்டாம், கறுப்புக் கால்சட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாச் சட்டைக்கும் பொருந்தும். பழசானால் பின்பக்கத் துணி மெலிந்துவிடும், அணிந்திருப்பவருக்குத் தெரியாது, பின்னால் வருபவருக்குத் தெரியும். உள்ளே கையை விட்டு விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். விரல்கள் தெரிந்தால் அதற்கு ஓய்வு கொடுங்கள்.

கேள்வி: உள்ளூர் சைக்கிள் சங்கத்தில் சேர்ந்திருக்கிறேன். சங்கப் போட்டியில் எனக்குப் பிடித்த அணியின் சட்டையில் ஓடலாமா?

பதில்: போட்டியில் சங்கத்தின் சட்டை. உங்களுக்காகக் காற்றை மறைத்து முன்னால் ஓட்டப்போகிற தோழர், திரும்பிப் பார்த்ததும் உங்களை அடையாளம் காண வேண்டும். மற்ற நாட்களில் உங்கள் விருப்பம்.

கேள்வி: பழைய அணிச் சட்டையின் எழுத்துகள் உரிந்து வருகின்றன. எப்படித் துவைப்பது?

பதில்: ஜிப்பை மேல்வரை பூட்டி, உட்புறம் வெளியே வரும்படி திருப்புங்கள். குளிர்ந்த தண்ணீர், கொஞ்சம் சோப்பு. துணியை மிருதுவாக்கும் திரவம் எதையும் ஊற்றாதீர்கள், அது இழைகளில் படிந்து வியர்வையை உறிஞ்ச விடாது. கையுறையில் உள்ள ஒட்டுப்பட்டை நூலை இழுத்துவிடும், அதைத் தனியாகத் துவையுங்கள். முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுருட்டி அமுக்குங்கள். வெயில் வேண்டாம், நிழல் போதும்.

அந்தப் பெரியவர் ஓட்டுவதை நிறுத்தியபோது தன் சட்டையை என்னிடம் கொடுத்துவிட்டார். இப்படித்தான் அதைத் துவைக்கிறேன். செங்கல் நிறத்துக்குப் பிறகு அந்தச் சிவப்பு இன்னும் வெளுக்கவில்லை. நடுப் பையில் அவர் போட்ட தையலும் அப்படியே இருக்கிறது.